மறதி நோய் மருத்துவராக வேண்டுமா? தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்கோடு பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள் நான். நரம்பியல் படித்துவிட்டு இப்போது ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். வாரத்தில் ஒரு நாள் மறதிக்கென்றே தனியாக ஓ.பி. பார்க்கிறேன். பள்ளி ஆண்டு விழா, சொந்தக்காரர் கல்யாணம் என்று எங்கே போனாலும் பிள்ளைகள், "இந்த வேலைக்கு எப்படி வர்றது?" என்று கேட்கிறார்கள். கூடவே அவர்களுடைய அம்மா அப்பா என்னை ஓரமாக அழைத்துப் போய், "எங்க ஆயாவுக்கு இருக்கிறது அதுதானா?" என்று கேட்கிறார்கள். இரண்டுக்கும் இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

நரம்பியல் டாக்டர் என்றால் மனநோய்க்குப் பார்க்கிறவரா?

இல்லை. மூளை, தண்டுவடம், நரம்பு, தசை இவற்றில் வரும் நோய்களைப் பார்க்கிறவர். பக்கவாதம், வலிப்பு, பார்க்கின்சன், தீராத தலைவலி எல்லாம் எங்களிடம் வரும். மனநல மருத்துவர் வேறு. ஆனால் மறதி நோயில் இரண்டு பேருக்குமே வேலை உண்டு. நான் நரம்பியல் மேற்படிப்பான டி.எம். சேர்ந்தபோது எங்கள் அத்தை, "மூளை டாக்டரா? அப்போ பொண்ணு கேட்டு யாரு வருவாங்க?" என்று கவலைப்பட்டார். வந்தார்கள்.

டிமென்ஷியா, அல்சைமர் இரண்டும் ஒன்றா?

டிமென்ஷியா என்பது ஒரு நிலைமையின் பெயர். நினைவு, பேச்சு, கணக்கு, வழி கண்டுபிடிப்பது, முடிவெடுப்பது இவையெல்லாம் குறைந்துகொண்டே வந்து, அன்றாட வேலையையே ஒருவர் தனியாகச் செய்ய முடியாமல் போவது. அந்த நிலைமையைக் கொண்டுவரும் நோய்கள் பல. அவற்றில் அதிகம் காணப்படுவது அல்சைமர். மூளையின் ரத்தக் குழாய்கள் அடைபடுவதால் வருவது, லூயி பாடி என்ற புரதத் துணுக்குகள் மூளை செல்களில் சேர்வதால் வருவது, முன்மூளை சுருங்குவதால் வருவது என்று மற்றவையும் உண்டு. வயதானவர்களுக்கு இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தே இருப்பதும் சகஜம்.

அந்தப் பெயர் வந்த கதையை மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன். 1901ல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகர மருத்துவமனைக்கு அகுஸ்தே டீட்டர் என்ற 51 வயதுப் பெண்ணை அழைத்து வந்தார்கள். அலோயிஸ் அல்சைமர் என்ற மருத்துவர் அவரிடம் பெயர் கேட்டார். "அகுஸ்தே" என்றார். கணவர் பெயர் என்ன என்றதற்கும் "அகுஸ்தே" என்றார். இந்தக் கேள்வி பதிலை அல்சைமர் அப்படியே எழுதி வைத்தார். அந்தப் பெண் இறந்த பிறகு மூளையை நுண்ணோக்கியில் பார்த்து, 1906ல் ட்யூபிங்கன் நகரில் ஒரு கூட்டத்தில் விவரித்தார். 1910ல் அவருடைய தலைமைப் பேராசிரியர் கிரெப்பலின் தன் பாடநூலில் நோய்க்கு அல்சைமர் பெயரை வைத்தார். கையில் ஒரு நோட்டு, எதிரில் ஒரு நோயாளி. இன்றைக்கும் எங்கள் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

மொத்தம் எத்தனை வருஷம் படிக்க வேண்டும்?

நீட் எழுதி எம்.பி.பி.எஸ்.: பயிற்சிக் காலமும் சேர்த்து ஐந்தரை வருஷம். அப்புறம் பொது மருத்துவத்தில் எம்.டி. 3 வருஷம். குழந்தைகள் மருத்துவத்தில் எம்.டி. முடித்தவர்களும் வரலாம். அதன் பிறகு சிறப்பு மேற்படிப்புக்கான தேர்வு எழுதி நரம்பியலில் டி.எம். 3 வருஷம். ஆக, பதினொன்றரை வருஷம். நடுவில் தேர்வுக்குத் தயாராகும் வருஷங்களும் அரசுப் பணிக் கட்டாயமும் சேர்ந்தால் முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயதாகிவிடும். மறதி நோயில் மட்டும் தனித் தேர்ச்சி வேண்டுமென்றால் அதற்கு மேலும் ஒன்றிரண்டு வருஷம்.

நீளம்தான். ஆனால் எம்.பி.பி.எஸ். முடித்ததிலிருந்தே சம்பளமோ உதவித்தொகையோ வரும் என்பதை வீட்டில் சொல்லி வையுங்கள். பதினொன்றரை வருஷமும் அப்பா பணம் கட்ட வேண்டும் என்றே பல வீடுகளில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அரசுப் பள்ளியில், தமிழ் வழியில் படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எட்டுமா?

எட்டும். 2020லிருந்து தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு எம்.பி.பி.எஸ். சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. எங்கள் காலத்தில் மருத்துவக் கல்லூரி என்றால் சேலத்துக்கோ சென்னைக்கோ மூட்டை கட்ட வேண்டும். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி 2008ல் வந்தது. கிருஷ்ணகிரிக் கல்லூரியை 2022 ஜனவரியில் திறந்தார்கள். அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்குச் சிறப்பு மேற்படிப்பிலும் மாநில இடங்களில் 50 சதவீத ஒதுக்கீடு உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டே படித்து டி.எம். இடம் பிடித்தவர்களோடு நான் வேலை செய்கிறேன்.

ஆங்கிலம்? முதல் வருஷம் கஷ்டம்தான். உடற்கூறியல் புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் தாண்ட எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. ஆறு மாதத்தில் சரியாகிவிட்டது.

கல்லூரி மருத்துவர், ஆராய்ச்சி செய்கிற மருத்துவர் என்றால் ஒரு நாள் எப்படிப் போகும்?

காலையில் வார்டு சுற்று. பின்னால் மேற்படிப்பு மாணவர்கள் ஏழெட்டுப் பேர் வருவார்கள். ராத்திரி சேர்ந்த பக்கவாத நோயாளிகளைப் பார்த்து முடிக்கவே பத்து மணி ஆகிவிடும். அப்புறம் ஓ.பி. மதியம் வகுப்பு. சாயங்காலம் நான்கு மணிக்கு மேல்தான் ஆராய்ச்சி என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வரும். நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆருக்கு நிதி கேட்டு எழுதுவது, வந்த தரவைச் சரிபார்ப்பது, மாணவருடைய ஆய்வேட்டில் சிவப்பு மை. உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தவர் மேலே போவதற்கு ஆய்வுக் கட்டுரைகளும் வேண்டும்.

ஓர் இடத்தில் நான் வேலை பார்த்தபோது, மறதி ஓ.பி.க்கு ஒதுக்கிய அறையில் மின்விசிறி ஓடாது, கதவு சாத்தாது. வெளியே வரிசையில் நிற்பவர்கள் உள்ளே எட்டிப் பார்த்து, பாட்டி சொல்ல வேண்டிய பதிலை அவர்களே சொல்லிவிடுவார்கள். ஒன்றரை வருஷம் கடிதம் எழுதிய பிறகுதான் தாழ்ப்பாள் வந்தது. ஆய்வுக் கட்டுரையில் சோதனை அமைதியான அறையில் நடந்ததாக எழுதுவோம் இல்லையா, அந்த ஒரு வரிக்குப் பின்னால் இப்படி ஒரு கதை இருக்கும்.

படிக்காத பாட்டிக்கு ஞாபகசக்தியை எப்படிச் சோதிப்பீர்கள்?

என்னை இந்தத் துறைக்குள் இழுத்ததே இந்தக் கேள்விதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

உலகம் முழுக்க அதிகம் பயன்படும் சோதனை 1975ல் அமெரிக்காவில் உருவானது. மொத்தம் 30 மதிப்பெண். இன்று என்ன தேதி, 100லிருந்து ஏழேழாகக் கழித்துச் சொல், ஒரு வாக்கியம் எழுது, ஒன்றோடொன்று வெட்டிக்கொள்ளும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரை. பள்ளிக்கூடம் போனவருக்குச் சரி. நான் மேற்படிப்பு மாணவியாக இருந்தபோது, போச்சம்பள்ளிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பாட்டியிடம் பென்சிலைக் கொடுத்தேன். அதை விளக்குமாற்றுக் குச்சி மாதிரி முழுக் கையால் பிடித்துக்கொண்டு, "பேனா புடிச்சதே இல்ல கண்ணு" என்றார். தேதி கேட்டதற்கு, "நேத்து சந்தை, தக்காளி வெல போவல" என்றார். நேற்று சந்தை நாள்தான். எங்கள் தாளில் அதற்கு மதிப்பெண் இல்லை. கூட்டிப் பார்த்தால் கணிசமான டிமென்ஷியா என்று வருகிறது. அவரோ மூன்று ஆடுகளையும் இரண்டு பேரப் பிள்ளைகளையும் தனியாகச் சமாளித்துக்கொண்டிருந்தார். மகனுக்கும் அவருக்கும் நிலத் தகராறு. அதனால்தான் அழைத்து வந்திருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது.

இதற்கு நேரெதிராக இன்னொரு பாட்டி, கிருஷ்ணகிரியில் புளி தட்டுகிறவர். நாற்பது வருஷமாக ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுக்கிற கை. கேட்டதற்கெல்லாம் சிரித்துக்கொண்டே ஏதோ ஒரு பதில் சொன்னார், பேச்சு கணீரென்று இருந்தது. "எல்லாம் நல்லாத்தான் இருக்குது" என்றார் மகன். மருமகள் மட்டும் தயங்கித் தயங்கி, "இல்லீங்க, ரெண்டு மாசமா கொட்டைய கூடையில போடுது, புளிய குப்பையில தள்ளுது" என்றார். நோயைக் கண்டுபிடித்தது அந்த ஒரு வாக்கியம்தான். நான் அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் அதை உறுதி செய்யும் வேலை.

இந்தச் சிக்கலை முன்னோடிகள் பார்க்காமல் இல்லை. ஹரியானாவின் பல்லப்கர் பகுதியில் எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்களுக்கென்று இந்தியில் மாற்றியமைத்த சோதனை 1995ல் வந்தது. பிறகு ஐ.சி.எம்.ஆர். ஒரு சோதனைத் தொகுப்பை இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் என்று முதலில் ஐந்து மொழிகளில் தயாரித்துச் சரிபார்த்தது. அந்த ஐந்தில் தமிழ் இல்லை. தமிழுக்கு மாற்றும்போதும் சென்னைத் தமிழுக்கு மாற்றிவிட்டால் எங்கள் பாட்டிகளுக்குப் பாதி புரியாது. பட்டியலில் இருக்கும் சொல் அவருக்குப் பழகிய சொல்லா, படத்தில் இருக்கும் பொருளை அவர் வாழ்நாளில் பார்த்திருக்கிறாரா என்று பார்க்க, களியும் கீரையும் தின்று வளர்ந்த ஆள் ஒருவர் அந்த மேசையில் உட்கார வேண்டும். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளை நான் இத்துறைக்கு வாருங்கள் என்று நச்சரிப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் கிடையாது.

ஆராய்ச்சி என்றால் எலியை வைத்து லேபில் செய்வதுதானே?

அதுவும் உண்டு. மனநலத்துக்கும் நரம்பியலுக்குமான மத்திய அரசு நிறுவனமான பெங்களூரு நிம்ஹான்ஸில் மனித மூளைத் திசுக்களைச் சேமிக்கும் வங்கியே இருக்கிறது. ஆனால் டிமென்ஷியாவில் நிறைய வேலை வீடு வீடாகப் போய்ச் செய்வது. 1998ல் 10/66 என்ற பெயரில் ஓர் உலக ஆய்வுக் குழு தொடங்கியது. டிமென்ஷியா உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் பத்து சதவீதம்கூட அவர்களைப் பற்றி நடப்பதில்லை என்பதுதான் பெயருக்குப் பொருள். வீடு வீடாகக் கணக்கெடுக்க இந்தியாவில் அவர்கள் தேர்ந்தெடுத்த இரண்டு இடங்களும் நம் மாநிலத்தில்தான்: சென்னையும் வேலூரைச் சுற்றியுள்ள கிராமங்களும்.

இன்னும் பக்கத்திலும் ஒன்று நடக்கிறது. வேப்பனப்பள்ளி தாண்டி எல்லையைக் கடந்தால் கோலார் மாவட்டம். அங்கே சீனிவாசபுரம் வட்டத்துக் கிராமங்களில், இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த மூளை ஆராய்ச்சி மையம், 45 வயது கடந்தவர்களைச் சேர்த்துப் பல வருஷங்கள் தொடர்ந்து கவனித்து வருகிறது. இலக்கு 10,000 பேர். ரத்தம், ஸ்கேன், நினைவுச் சோதனை எல்லாம் திரும்பத் திரும்ப எடுப்பார்கள். அந்த ஊர்க்காரர்களும் நம்மவர்கள் மாதிரியே கேழ்வரகு தின்று மாமரம் வைத்திருக்கிறவர்கள்தான்.

கணக்கு வேண்டுமென்றால்: 2023ல் வெளியான தேசிய ஆய்வின்படி 60 வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா. ஆண்களைவிடப் பெண்களுக்கும், நகரத்தைவிடக் கிராமத்திலும் அதிகம். "அது பட்டணத்துக்காரங்க வியாதி" என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

ஓசூர்ப் பக்கம் ஆளாளுக்கு மூன்று மொழி பேசுகிறோமே, அது மூளைக்கு நல்லதாமே?

இதற்கு ஒரு நல்ல இந்திய ஆய்வு இருக்கிறது. ஐதராபாத்தில் சுவர்ணா அல்லாடியும் குழுவினரும் 648 டிமென்ஷியா நோயாளிகளை ஆராய்ந்து 2013ல் வெளியிட்டது. ஒரே மொழி தெரிந்தவர்களைவிட, இரண்டும் அதற்கு மேலும் பேசுகிறவர்களுக்கு நோய் சுமார் நாலரை வருஷம் தாமதமாகத் தொடங்கியிருந்தது. பள்ளிக்கே போகாதவர்களிடமும் இந்த வித்தியாசம் தெரிந்தது. பிறகு வேறு நாடுகளில் நடந்த எல்லா ஆய்வுகளும் இதை ஆமோதிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தேன்கனிக்கோட்டையில் வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், பேருந்தில் கன்னடம் என்று ஒரே நாளில் மாறி மாறிப் பேசுகிற தாத்தாவுக்கு நோய் வந்தால் எந்த மொழி முதலில் போகும், எந்த மொழியில் சோதிப்பது? ஒருவர் என்னிடம் தமிழில் பத்து நிமிஷம் தடுமாறினார். கூட வந்த அவருடைய தங்கை தெலுங்கில் கேட்டதும் பாதிக்கு மேல் சரியாகச் சொன்னார். இங்கே ஓர் இளம் மருத்துவருக்குப் பத்து வருஷத்துக்கான ஆராய்ச்சி காத்துக் கிடக்கிறது.

குணப்படுத்தும் மருந்தே இல்லையே, இந்த வேலையில் என்ன திருப்தி?

முதலில், மறதி என்று வருகிற எல்லோருக்கும் டிமென்ஷியா இருக்காது. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, விழுந்து அடிபட்டு மூளை உறைக்குக் கீழே மெல்லத் தேங்கிய ரத்தம், மூளையில் நீர் கோத்துக்கொள்வது, தூக்க மாத்திரை இவையெல்லாம் மறதி வேஷம் போடும். கண்டுபிடித்தால் பெருமளவு சரியாகும். காது கேட்காததை மறதி என்று நினைத்து அழைத்து வருகிறவர்களும் உண்டு. ஒரு தாத்தாவுக்குக் காதில் அடைத்திருந்த குறும்பியை எடுத்ததோடு "நோய்" பாதி போய்விட்டது.

உண்மையிலேயே அல்சைமர் என்றால், டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், மெமாண்டின் போன்ற மருந்துகள் கொஞ்ச காலம் தாங்கிப் பிடிக்கும். நோயின் போக்கை மாற்றாது. மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தை அகற்றும் லெக்கானெமாபுக்கு 2023ல் அமெரிக்கா முழு அனுமதி கொடுத்தது. பதினெட்டு மாத ஆய்வில் சரிவின் வேகத்தை 27 சதவீதம் குறைத்தது. ஆனால் தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தக் குழாய் வழியாக ஏற்ற வேண்டும், மூளை வீக்கமும் ரத்தக் கசிவும் வருகிறதா என்று திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். அதுவும் ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். "நிலத்தை வித்தாவது போடலாமா?" என்று கேட்கும் மகன்களிடம், வேண்டாம் என்று நான் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்.

தடுக்கிற பக்கம்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். 2024ல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு, மாற்றிக்கொள்ளக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகில் டிமென்ஷியாவில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று கணக்கிட்டது. ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, காது கேளாமை, பள்ளிப் படிப்பு இல்லாமை, தனிமை எல்லாம் அதில் வருகின்றன. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் நம் சூளகிரிப் பக்கம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வீட்டுக்கே வந்து பிரஷர் மாத்திரை கொடுக்கும் அந்தப் பெண்கள் மூளையையும் சேர்த்தே காப்பாற்றுகிறார்கள். இதை அவர்களிடம் சொன்னபோது, "அப்படியா மேடம்?" என்று ஒருவருக்கொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

வருமானம் எப்படி?

தனியாரில் பக்கவாதம், வலிப்பு பார்க்கிற நண்பர்கள் என்னைவிட நிறையவே சம்பாதிக்கிறார்கள். ஒரு மறதி நோயாளிக்கு ஒரு மணி நேரம் ஆகும், அதற்குள் அவர்கள் ஆறு பேரைப் பார்த்துவிடுவார்கள். குடும்பம் நடத்த, பிள்ளைகளைப் படிக்க வைக்க அரசுச் சம்பளம் தாராளம். சிகிச்சையோடு ஆராய்ச்சியும் செய்கிறவர்களுக்கு இந்தியா அலையன்ஸ் போன்ற அமைப்புகளின் நிதியுதவியும் இருக்கிறது. போட்டி கடுமை.

பெங்களூருக்குப் போகாமல் இங்கேயே இருந்து செய்ய முடியுமா?

படிக்கப் போங்கள், அதில் வீம்பு வேண்டாம். நிம்ஹான்ஸ் இருப்பதே ஓசூர் சாலையில்தான், கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். நம் ஊர் நோயாளிகள் விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து அங்கே போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். படித்த பிறகு திரும்பி வருவது பற்றிக் கேட்டால், ஸ்கேன் அங்கே எடுக்கலாம், ஆனால் அரூர்ப் பாட்டியை ஐந்து வருஷம் தொடர்ந்து பார்க்க அரூருக்குப் பக்கத்தில்தான் ஆள் வேண்டும்.

டாக்டராகாமல் இந்தத் துறைக்கு வர முடியாதா?

தாராளமாக. மருத்துவ உளவியல், செவிலியர் படிப்பு, பேச்சுப் பயிற்சி, இயன்முறை மருத்துவம், சமூகப் பணி, புள்ளியியல். நினைவுச் சோதனைகளை நுணுக்கமாகச் செய்வது பெரும்பாலும் உளவியலாளர்தான். எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கு முதியோர் மருத்துவமும் ஒரு வழி. சென்னை மருத்துவக் கல்லூரியில் அதற்கு எம்.டி. 1996லேயே தொடங்கிவிட்டது.

நம் தண்ணீரில் இருக்கும் ஃப்ளோரைடால்தான் மறதி வருகிறதா?

பல்லும் எலும்பும் கெட்டதற்கு நம் ஊரே சாட்சி, ஒகேனக்கல் தண்ணீர் வந்ததும் அதற்காகத்தான். வயதான காலத்து மறதிக்கு அதைக் காரணமாகச் சொல்லிவிட்டுப் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

பெரியவரை மறதி ஓ.பி.க்கு அழைத்து வரும்போது என்ன கொண்டு வர வேண்டும்?

சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளும், அட்டையோடு. நாட்டு மருந்து இருந்தால் அதுவும். கண்ணாடி, காது மெஷின். பழைய ஸ்கேன் படம். எப்போது, எதில் முதலில் தடுமாறினார் என்று ஒரு தாளில் நான்கு வரி. மகனோ மகளோ வெளியூரிலிருந்து லீவு போட்டுக்கொண்டு வருவது நல்லதுதான், ஆனால் அவரோடு தினமும் அடுப்படியில் இருக்கிறவர் யாரோ, அவரையும் கட்டாயம் அழைத்து வாருங்கள். கார் சிறியதாக இருந்தால் மகன் பஸ்ஸில் வரட்டும்.